முடக்குவாதம் வந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று பொருளா?

அம்மாவுக்கு முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்); எதிர்ப்புச் சக்தியைக் கூட்டக் கஷாயம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே சிக்கல் சக்திக் குறைவு அல்ல, ஆள் மாறி அடிப்பதுதான். கிருமியைத் தாக்க வேண்டிய அணுக்கள் மூட்டின் உள்சவ்வையே பகையாக எண்ணித் தாக்குகின்றன. அதனால்தான் காலையில் விரல்கள் விறைத்து, தோசைக் கரண்டியைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. மூட்டுத் தேய்மான வலி என்றால் இந்த விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் தளர்ந்துவிடும்.

சக்தியைக் 'கூட்டும்' சரக்கு எதுவும் வேண்டாம், விற்பவர் கோபித்துக்கொள்ளட்டும். மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் தருவது, இந்தத் தாக்குதலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. அது வாரத்துக்கு ஒரே நாள்தான்! தவறித் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். அட்டையின் மேல் கிழமையைப் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள்.