சரளைச் சாலைக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே டயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் வசிக்கிறோம். எங்களிடம் இருப்பது முன்சக்கரங்கள் மட்டும் இயங்கும் ரெனோ டஸ்டர். டயர் அளவு 215/65 ஆர் 16, அதனுடன் 98 எச் என்றும் எழுதியிருக்கிறது. வார நாட்களில் வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டேங்கருக்கு அப்பால் கரும்புத் தோட்டங்களின் நடுவே இருக்கும் மாமியார் வீட்டுக்குச் செல்கிறோம். அங்கே கடைசி ஆறு கிலோமீட்டர் சரளையும் மண்ணும் கலந்த பாதை. சென்ற கோடையில் கல் குத்தி ஒரு டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தது. மழை நாளில் இருமுறை சேற்றில் சிக்கி, தோட்டத்து பக்கி (பின்னால் திறந்த சிறு பாரவண்டி) வந்து இழுத்துவிட்டது. டயர் கடைக்காரர் சற்றுப் பெரிய 215/70 அளவில் ஆல்-டெரெய்ன் டயர், அதாவது தார், சரளை, மண் எல்லாவற்றுக்குமான டயர், போடச் சொல்கிறார். அதைப் போட்டால் ஒருநாள் லெசோத்தோ எல்லையில் இருக்கும் சானி கணவாய் மலைப்பாதைக்கும் குடும்பத்துடன் போய்வரலாம் என்கிறார். போடலாமா?

பதில்: அம்மா, நீங்கள் தந்த கணக்கையே முதலில் கூட்டிப் பார்ப்போம். இரண்டு வாரத்தில் வேலைக்காக ஐந்நூறு கிலோமீட்டர். ஸ்டேங்கர் பயணத்தில் தார்ச் சாலையில் நூறுக்கு மேல். மண் பாதையில் போக வரப் பன்னிரண்டு. ஆக, உங்கள் ஓட்டத்தில் மண் பாதையின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மீதமுள்ள தொண்ணூற்றெட்டுப் பங்கும் தார்ச் சாலையில், அதிலும் அக்டோபர் முதல் மார்ச் வரை கொட்டும் கோடை மழையில் நனைந்த என்2 நெடுஞ்சாலையில், பிள்ளைகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு ஓடுவது. ஆகவே ஈரத் தார்ச் சாலையில் பிரேக் அழுத்தியதும் எவ்வளவு விரைவில் நிற்கும் என்பதுதான் நீங்கள் டயரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சாலையில் படும் ரப்பர்க் கட்டிகளான பட்டன்கள் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் உள்ள டயரில் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. அதனால் அது ஈரத்தில் நிற்கச் சற்றுக் கூடுதல் தூரம் எடுத்துக்கொள்ளும். இரைச்சலும் எரிபொருள் செலவும் ஓரளவு கூடும்.

ஆனாலும் கிழிந்த பக்கச் சுவரை நான் அலட்சியப்படுத்தவில்லை. பட்டன் பகுதியில் ஆணி குத்தினால் ஒட்டலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆல்-டெரெய்ன் டயரின் உண்மையான பயன் சரளையில்தான்: ஆழமான பட்டன்கள் கல்லைத் தாங்கும், தளர்ந்த மண்ணிலும் ஈரப் புல்லிலும் பிடிப்பு கிடைக்கும், பல டயர்களில் தோள்பகுதியும் தடித்திருக்கும். சேற்றைப் பற்றி மட்டும் கடைக்காரர் உங்களுக்கு முழுமையாகச் சொல்லவில்லை. ஈரக் களிமண் பட்டன்களின் இடைவெளியை அடைத்துவிட்டால் ஆல்-டெரெய்ன் டயரும் மொட்டை டயரைப் போலவே வழுக்கும். சேற்றைத் தானே உதறித் தள்ளுவது மட்-டெரெய்ன் வகை. அது உங்கள் அன்றாட ஓட்டத்துக்கு அறவே பொருந்தாது. பலத்த மழை பெய்த மறுநாள் அந்த ஆறு கிலோமீட்டரைத் தவிர்ப்பதே நல்லது.

எனவே என் பரிந்துரை, தார்ச் சாலையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட மிதமான ஆல்-டெரெய்ன் டயர், அதே 215/65 ஆர் 16 அளவில், நான்கும் ஒரே வகையாக. முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்னும் பின்னும் பிடிப்பு வேறுபட்டால் மழையில் வளைவில் வண்டியின் பின்பகுதி இழுத்துக்கொண்டு போகும். யோகோஹாமா, ஜெனரல், பிரிட்ஜ்ஸ்டோன் போன்றவர்கள் இவ்வகை டயர்களைச் செய்கிறார்கள். டன்லப்புக்கு நம் மாகாணத்தின் லேடிஸ்மித்திலேயே ஆலை உண்டு. பெயரைவிட உங்கள் அளவில் எது கிடைக்கிறது, எப்போது செய்தது என்பதைப் பாருங்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியின் இறுதி நான்கு இலக்கங்கள் 3524 என்றிருந்தால், அது 2024ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

பெரிய அளவு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. 215/65 டயரின் விட்டம் ஏறத்தாழ 686 மில்லிமீட்டர், 215/70 டயரின் விட்டம் 707. இந்த மூன்று விழுக்காடு வேறுபாட்டால் வண்டி உயர்வது ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் முன்பு சரியாகக் காட்டிய வேகமானி 120 என்று காட்டும்போது வண்டி 124ஐ நெருங்கியிருக்கும். என் தங்கையின் வண்டியில் ஒரு கடையில் இப்படிப் பெரிய டயரைப் பொருத்தினார்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போதெல்லாம் அது சக்கரத்தின் மேல்வளைவுக்கு உட்புறமுள்ள பிளாஸ்டிக்கில் உரசியது, மறுபடி மாற்றச் செலவு இரட்டிப்பானது. எல்டி என்று தொடங்கும் அளவையும் தவிருங்கள். அது பக்கி போன்ற பாரவண்டிக்கான கனத்த கட்டமைப்பு. உங்கள் வண்டிக்கு எடையும் குலுக்கலும்தான் மிஞ்சும்.

98 என்பது ஒரு டயர் தாங்கும் 750 கிலோ எடையைக் குறிக்கிறது. அதற்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. எச் என்பது 210 கிலோமீட்டர் வேகத்துக்கானது. ஆல்-டெரெய்ன் வகையில் 190க்கான டி குறியே அதிகம் கிடைக்கும். நம் நெடுஞ்சாலையின் வரம்பு 120 என்பதால் ஓட்டத்துக்கு அது போதும் என்றாலும், காப்பீட்டாளரிடம் எழுத்தில் கேட்டு ஒப்புதல் பெற்ற பிறகே வாங்குங்கள். பனிச் சாலைக்கு ஏற்ற டயர் என்று காட்டும், மலைச் சிகரமும் பனித்துகளும் கொண்ட குறிக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டதைப் போன்ற பனி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

சானி கணவாயைப் பொறுத்தவரை, 2,876 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அந்தப் பாதையில் நம் எல்லைச் சாவடியைத் தாண்டி மேலே செல்ல நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிக்கு மட்டுமே அனுமதி. எந்த டயரும் உங்கள் வண்டியை அப்படி மாற்றிவிடாது. அடிவாரத்தில் சுற்றுலா வண்டி ஏற்பாடு செய்துகொண்டு குடும்பத்துடன் நிச்சயமாகப் போய்வாருங்கள்.

பன்னிரண்டு வோல்ட் காற்றுப் பம்பு ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். சரளையில் காற்றைச் சிறிது குறைத்து மெதுவாக ஓட்டினால், டயர் கல்லின் மேல் வளைந்து கொடுக்கும். தார்ச் சாலை ஏறுமுன் மறுபடி நிரப்பிவிட வேண்டும். மாற்றுச் சக்கரம் முழு அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது நீக்கமா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. கடை மறுத்தால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

கேள்வி: பாதி தேய்ந்த ஆல்-டெரெய்ன் டயர்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. சட்டப்படி பட்டன் ஆழம் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்பது கடைசி எல்லை மட்டுமே. ஈரத்தில் பிடிப்பு அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுகிறது. ஆல்-டெரெய்ன் டயருக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலையே பட்டனின் ஆழத்துக்குத்தான், அதில் பாதியை வேறொருவர் ஓட்டித் தீர்த்துவிட்டார். வேறு வழியே இல்லையென்றால், ரிம்மில் ஏற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பக்கச் சுவரை ஒட்டிய இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தாலோ, காற்றில்லாமல் ஓடியதால் உட்சுவர் உரசிக் கருந்தூள் படிந்திருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.