ஒரு கிலோமீட்டர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2020 ஊரடங்கில் எங்களுக்கு உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரமும் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டரும்தான் அனுமதி. நான் விடியும் முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் போய்வருவேன். தெருவில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஒருநாள் எதிரே நடந்துவந்த பெரியவர் நிறுத்தித் திட்டினார். சைக்கிளில் வேகமாகப் போகிறவருக்குப் பின்னால் இருபது மீட்டர் வரை கிருமி வரும் என்றும் அப்போது சொன்னார்கள். நான் செய்தது தப்பா? இன்னும் உறுத்துகிறது.

ம.

அன்புள்ள ம.,

அந்த இருபது மீட்டரை விட்டுவிடுங்கள். 2020 ஏப்ரலில் காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிட்டவர்கள் சொன்னது அது. எச்சில் துளி எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்தார்கள், யாருக்கு நோய் தொற்றும் என்று பார்க்கவில்லை.

தெருவில் ஒருவருமில்லை என்கிறீர்கள், அடுத்த வரியிலேயே ஒரு பெரியவர் வருகிறார். அவர் ஆளில்லையா? ஆளில்லாத நேரம் என்று நம்பித்தான் அவரும் வந்திருப்பார். அவ்வளவு தூரத்தில் நீங்கள் விழுந்து கையை உடைத்துக்கொண்டிருந்தால், ஓய்வில்லாமல் ஓடிய ஆம்புலன்ஸ்களில் ஒன்று உங்களுக்காகத் திரும்பியிருக்கும். தப்புதான்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். இந்த வாரம்தான் அப்பாவின் சைக்கிளை வெளியே எடுத்துச் செயினுக்கு எண்ணெய் போட்டேன். உங்கள் கடிதம் அன்று இரவு வந்தது.

அப்பாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. நூறு அடி நடந்தால் எங்கேயாவது உட்கார வேண்டும். சைக்கிளில் ஏறிவிட்டால் அரைமணி நேரம் மிதிப்பார். உடம்பின் பாரத்தை சீட் வாங்கிக்கொள்கிறது, முட்டி மடங்கி நிமிர்ந்தால் போதும். எங்கள் பகுதியில் நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் மட்டும் கூடாது என்றார்கள். தெருமுனையில் காவலர் நிறுத்தி, "நடந்து போங்க, யார் வேண்டாம்னா?" என்றார். அப்பா பதில் பேசவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அதன்மேலேயே சாய்ந்து சாய்ந்து வீடு வந்து சேர்ந்தார். அப்புறம் ஏழு வாரம் வாசலைத் தாண்டவில்லை.

பிரான்சிலும் இதுதான் நடந்தது. ஆணையில் ஒரு மணி நேரம், ஒரு கிலோமீட்டர் என்று இருந்ததே தவிர சைக்கிள் கூடாது என்று ஒரு வரி இல்லை. அதிகாரிகள் தாங்களாக அப்படிப் பொருள் சொன்னார்கள், போலீஸ் அபராதம் போட்டது. சைக்கிள் ஓட்டுவோர் கூட்டமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. உச்ச நிர்வாக நீதிமன்றம், சைக்கிளுக்குத் தடையில்லை என்பதை 24 மணி நேரத்துக்குள் ஊரறியச் சொல்லும்படி பிரதமருக்கு உத்தரவிட்டது. அது 2020 ஏப்ரல் 30. ஊரடங்கு முடிய 11 நாள்தான் பாக்கி.

விதி எழுதுகிறவர்களுக்குச் சைக்கிள் ஒரு வண்டி. முட்டி போனவருக்கு அதுதான் கால். தொலைவைக் கட்டுப்படுத்துங்கள், நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள், அப்பா அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான் சுற்றிவந்தார். எதில் சுற்றுவது என்பதில் ஏன் கை வைக்க வேண்டும்? யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறேன், உங்களையும் விடவில்லை.

தடை நீங்கிய அன்று காலை சீட்டை இரண்டு விரல் இறக்கி வைத்தேன். அப்படியும் அவரால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டயரைக் காட்டி, "காத்து இறங்கியிருக்கு பாரு" என்றார்.