ஆபீஸ் சேர் ஓடும் அறைக்கு எந்தத் தரை?

டைல்ஸ், கிரானைட் பதிக்கும் வேலை என்னுடையது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நம் பக்கத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஓசூர்: அண்ணா, மாடியில் ஆபீஸ் ரூம் கட்டுகிறோம். பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் போடலாமா?

விட்ரிஃபைட் சரி, பளபளப்பு வேண்டாம் தம்பி. உட்காரப் போகும்போது சேர் பின்னால் நழுவும். தண்ணீர் சிந்தினால் ஆளே வழுக்குவார். மேட் ஃபினிஷ் எடுங்கள். வாசலுக்குப் போடும் சொரசொரப்பான டைல்ஸும் வேண்டாம், சக்கரம் தடதடக்கும்.

அதைவிட முக்கியம், பதிக்கும் விதம். நாலு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அடியில் காலியாக இருக்கும் இடத்தின் மேல் ஆள் உட்கார்ந்த சேர் தினமும் உருண்டால், அத்தனை பாரமும் சின்னச் சின்னச் சக்கரங்கள் வழியாக இறங்கி டைல் விரிசல் விடும். டைல் அட்ஹெசிவை, பல் வைத்த கரண்டியால் அடி முழுக்கப் பரப்பி ஒட்டச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் பெயர்த்து மறுபடி போடச் சொல்லுங்கள். மேஸ்திரி முகம் சுளித்தாலும் விடாதீர்கள். பக்கத்து டைல்ஸ் ஏற்ற இறக்கமாக இருந்தாலும் அப்படித்தான், சக்கரம் அந்த விளிம்பில்தான் முட்டும்.

பாலக்கோடு: நம்ம ஊர்க் கறுப்பு கிரானைட்டே போட்டுவிடலாமா?

தாராளமாக. கல் தேயாது. பாலிஷுக்குப் பதில் லெதர் ஃபினிஷ் (பளபளப்பில்லாமல் தோல் போல இருக்கும் மேற்பரப்பு) கேளுங்கள். பளபளக்கும் கறுப்பில் சக்கரத்தில் சிக்கிய மணல் போடும் கீறல் பளிச்சென்று தெரியும்.

பர்கூர்: வாடகை வீடு, பழைய ரெட் ஆக்சைடு தரை. சேர் போன இடமெல்லாம் கோடு விழுகிறது.

தரையை விடுங்கள், சக்கரத்தை மாற்றுங்கள். சேரோடு பெரும்பாலும் வருவது கெட்டியான நைலான் சக்கரம். அது கார்ப்பெட்டுக்குப் பொருந்தும். இது போன்ற தரைக்கு வெளிவட்டம் மெத்தென்ற பாலியூரித்தேன் சக்கரம் வேண்டும். பெரும்பாலான சேர்களில் சக்கரத்தின் தண்டு 11 மி.மீ., சிலவற்றில் 10. அளந்து வாங்குங்கள். சேரைக் கவிழ்த்து நேராக இழுத்தால் பழையது கழன்று வரும். அப்புறம், சக்கரத்தில் சுற்றிய முடி, நூலை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். சுழலாத சக்கரம் தரையை இழுத்துக் கீறும்.

அரூர்: தரையில் வினைல் (பிளாஸ்டிக் விரிப்பு) விரித்து, மேலே ரப்பர் மேட் போட்டால்?

சும்மா விரித்த வினைல் சக்கரத்தோடு இழுபட்டுச் சுருங்கும், முழுக்க ஒட்டுங்கள். ரப்பர் மேட் வேண்டவே வேண்டாம், வினைலில் போகாத கறை படியும். பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் மேட் போடுங்கள்.

காவேரிப்பட்டணம்: அப்பாவுக்கு 70 வயது. என் சேரில்தான் உட்காருகிறார், பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. எந்தத் தரை போட்டாலும் அந்த சேர் அவருக்கு ஆகாது. அவர் எழும்போது கைப்பிடியை ஊன்றுவார், சேர் விலகிப் போகும். கைப்பிடி வைத்த நாலு கால் நாற்காலி ஒன்றை இன்றைக்கே அவருக்கென்று போடுங்கள். உங்கள் சேருக்கும், ஆள் எழுந்ததும் தானே பிரேக் பிடிக்கும் சக்கரம் கிடைக்கிறது, அதையே மாட்டுங்கள். தரையில் கிடக்கும் சார்ஜர் ஒயரைச் சுவரோரம் கிளிப் அடித்து ஒதுக்கிவிடுங்கள்.