கல்லும் மலையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவின் டோர்ங்காட் மலைகளில் உலகின் மிகப் பழைய பாறைகள் இருப்பதாகப் படித்தேன். அப்படியானால் அந்த மலையும் அதே வயதுதானா, ஐயா? (ஆசிரியை, தேனி)

பதில்: இல்லை அம்மா. பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு. நல்ல கேள்வி என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள லாப்ரடாரின் வடகோடியில், கியூபெக் மாகாண எல்லையை ஒட்டி நிற்பவை டோர்ங்காட் மலைகள். அங்கே சாக்லெக் ஃபியோர்டு என்ற, பனியாறு செதுக்கிய குறுகிய கடல் நீட்சியின் கரையிலுள்ள நைஸ் பாறைகளில் (சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய வரிப் பாறைகள்) சில 360 கோடி முதல் 390 கோடி ஆண்டுகள் வரை பழையவை. கனடாவின் வடமேற்கிலுள்ள அகாஸ்டா பாறைகள் 400 கோடியைத் தாண்டியவை; ஆகவே முதலிடம் சாக்லெக்குக்கு இல்லை.

இந்த வயதைச் சொல்வது சிர்கான் என்ற கனிமம். மணல் துகளைவிடச் சிறிய மணி. படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. இன்று அதற்குள் ஈயம் இருந்தால், யுரேனியம் சிதைந்துதான் வந்திருக்க வேண்டும். இரண்டும் எவ்வளவு என்று அளந்தால் வயது கிடைத்துவிடும். மணியைப் பாதியாகத் தேய்த்து மெருகேற்றிக் கருவியில் பார்த்தால், நடுவில் பழைய கருவும், பிற்காலத்துச் சூட்டில் அதைச் சுற்றி வளர்ந்த மெல்லிய விளிம்பும் தெரியும். ஒரே மணிக்கு இரண்டு வயது! மாணவனாக இருந்தபோது இதை முதன்முதலில் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி மலைக்கு வருவோம். சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு பழைய நிலப்பகுதிகள் மோதி இங்கே ஒரு மலைத்தொடர் எழுந்தது. அது தேய்ந்து மட்டமாகி யுகங்கள் கடந்துவிட்டன. மிகவும் பிற்காலத்தில் லாப்ரடாரும் கிரீன்லாந்தும் பிரிந்து நடுவே கடல் திறந்தது. அப்போதும் அதன் பிறகும் உயர்ந்த நிலவிளிம்பைப் பனியாறுகள் அறுத்துச் செதுக்கியவைதான் இன்றைய சிகரங்கள். கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலும் சாக்லெக்கின் உறவுப் பாறைகள் கிடக்கின்றன.

உச்சிச் சிகரம் 1652 மீட்டர்தான். உயரத்தை வைத்து இந்த மலையை எடை போடாதீர்கள். காடு மூடாத மலை இது; பாறை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். சாம்பல் நிற நைஸைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கரிய பட்டைகள் ஓடுகின்றன. விரிசலில் புகுந்து உறைந்த எரிமலைக் குழம்பு அது. பிறகு வந்த அழுத்தத்தில் பாறையும் பட்டையும் சேர்ந்தே மடிந்து நெளிந்திருக்கின்றன. எது முந்தியது, எது பிந்தியது என்று கருவியே இல்லாமல் ஒரு மாணவர் படித்துவிடலாம்.

கேள்வி: இவ்வளவு தாழ்ந்த மலையில் பனியாறு எப்படி நிலைக்கிறது? (கல்லூரி மாணவர், கரூர்)

பதில்: செங்குத்துச் சுவர்களின் நிழல், காற்று வாரிக் குவிக்கும் பனி, அருகிலேயே குளிர்ந்த கடல். இவற்றால்தான் சிறு பனியாறுகள் அங்கே தங்கியிருக்கின்றன. அவையும் சுருங்கிவருகின்றன.

கேள்வி: அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்களா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக. சாக்லெக்குக்கும் நச்வாக் ஃபியோர்டுக்கும் இடையே ரமா செர்ட் என்ற கல் கிடைக்கிறது. புகை படிந்த கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். தட்டினால் கத்தி முனையாக உடையும். இந்தக் கல்லில் செய்த ஈட்டி முனைகள் தெற்கே அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் வரை கிடைத்திருக்கின்றன.

அந்தக் கரையிலிருந்த ஹெப்ரான் என்ற ஊரையும் சொல்ல வேண்டும். மொராவியச் சபை என்ற கிறிஸ்தவச் சபையின் ஊழியர்கள் 1831-இல் அமைத்த ஊர் அது. 1959-இல் அதை மூடப்போவதாகத் தேவாலயத்துக்குள் வைத்து அறிவித்தார்கள். அங்கே எதிர்த்துப் பேசுவது அந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களுக்கு வழக்கமில்லை. குடும்பங்கள் பிரிந்து தெற்கே சிதறின. மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது 2005-இல்தான். அது மிகத் தாமதம் என்பதே என் எண்ணம். அதே ஆண்டு இனுயிட் நில உரிமை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இந்த மலைப்பகுதியில் சுமார் 9,700 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவுக்காக ஒதுக்கப்பட்டது.

கேள்வி: போய்ப் பார்க்க முடியுமா? (வாசகி, சேலம்)

பதில்: முடியும், செலவு அதிகம். சாலை கிடையாது, விமானத்திலோ படகிலோதான் போக வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் ஏற்றவை. பனிக்கரடிகள் நடமாடும் இடம் என்பதால் இனுயிட் கரடிக் காவலர் ஒருவரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.