இன்னொரு சாவி

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் எச்.எம். காலை ஏழரைக்கே வந்து கேட்டைத் திறப்பார். கழிப்பறை கழுவுவதும் அவரே, சத்துணவு அரிசியில் கல் பொறுக்குவதும் அவரே. பயிற்சி ஒன்றில் இதைச் ‘சேவைத் தலைமை’ என்று பாராட்டினார்கள். போன மாதம் அவர் பத்து நாள் மருத்துவ விடுப்பில் போனார். பள்ளியே படுத்துவிட்டது. ஸ்டோர் ரூம் சாவி எங்கே என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. இது சேவைத் தலைமைதானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

சேவை, சந்தேகமில்லை. தலைமையா என்றால் தயங்குகிறேன். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. டிசம்பரில் அந்த மலைத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

‘சேவைத் தலைமை’ என்ற சொல்லைப் பரப்பியவர் ராபர்ட் கிரீன்லீஃப். (பெயரைக் கேட்டால் உங்கள் ஊரில் பச்சைத் தேயிலை விலை ஞாபகம் வரும்.) சாமியார் இல்லை, ஏ.டி. அண்ட் டி. என்ற அமெரிக்க டெலிபோன் கம்பெனியில் 38 வருடம் உத்தியோகம் பார்த்தவர். 1970-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை சொன்னார்: சேவை பெறுகிறவர்கள் வளர்கிறார்களா, சொந்தக் காலில் நிற்கிறார்களா, அவர்களும் பிறருக்குச் செய்யக் கிளம்புகிறார்களா? சாவி விஷயத்திலேயே உங்கள் பள்ளி இதில் தேறவில்லை.

குன்னூர் பக்கம் நான் பார்த்த ஒரு பள்ளியைச் சொல்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். காகிதத்தில் எல்லாம் சரி. கூட்டம் வேலை நாளில், மூன்று மணிக்கு. அம்மாக்கள் கொழுந்து பறிக்கும் நேரம். வந்தால் கூலி போகும். அதனால் தீர்மான நோட்டு பிள்ளைகளின் பையில் வீட்டுக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பும். புதிதாக வந்த தலைமையாசிரியர் கொழுந்து எடை போடும் இடத்துக்கே போய், “உங்களுக்கு எப்போ தோதுப்படும்?” என்று கேட்டார். ஞாயிறு என்றார்கள்.

முதல் ஞாயிறு ஓர் அம்மா, விரலெல்லாம் தேயிலைக் கறை, நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல நான் எதுக்கு சார் கையெழுத்துப் போட்டேன்?” என்றார். தலைமையாசிரியர் மழுப்பவில்லை. பழைய தீர்மானங்களை வரிவரியாகப் படித்துக் காட்டினார். ஒரு மணி நேரம் ஆனது, டீ ஆறிப்போனது. அடுத்த கூட்டத்தில் அதே அம்மா தண்ணீர்த் தொட்டிக் கணக்கைக் கேட்டார்.

எச்.எம்.மிடம் ஸ்டோர் ரூமுக்கு இன்னொரு சாவி போடச் சொல்லுங்கள். அப்புறம், காலையில் கேட்டை வாரம் இரண்டு நாள் நீங்கள் திறக்கலாமே. ஏழரைக்கு.