டீசல் தட்டை அணைத்துக் காட்டினால் போதுமா?

கேள்வி: ஆம்பூரில் காலணித் தொழிற்கூடம் நடத்துகிறேன். பசையும் தின்னரும் வைக்கும் உள்ளறைக்கு ‘வாட்டர் மிஸ்ட்’, அதாவது தண்ணீரை நுண்துளிகளாகத் தெளிக்கும் தீயணைப்பு அமைப்பு போட விலை பேசியிருக்கிறேன். விற்பவர் எங்கள் முற்றத்தில் ஒரு தட்டில் டீசலை எரித்து, நொடிகளில் அணைத்துக் காட்டினார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டீசலைச் சற்றுக் குளிர்வித்தாலே ஆவி குறைந்து தீ அடங்கிவிடும். பல பசைகளிலும் தின்னரிலும் இருக்கும் டொலுயீன் என்ற கரைப்பான் அப்படியல்ல. சுமார் 4 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். அவ்வளவு குளிர்ச்சிக்கு நம் ஊர்த் தண்ணீர் எங்கே போகும்? அங்கே பெரும்பங்கு வேலை நீராவியுடையது. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிந்து, சுடரருகே ஆக்சிஜனைக் குறைக்கிறது. அதற்கு அறை மூடியிருக்க வேண்டும்.

உங்கள் அறையில் வெளியேற்று விசிறி ஓடியாக வேண்டும். அதை நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. தீ தெரிந்த கணமே விசிறி தானாக நிற்க வேண்டும், கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தவே முடியாது என்றால், விசிறி ஓடும்போதே எரித்துச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். கதவு திறந்தே கிடக்கும் அறைக்கும் இதே பேச்சுதான். ‘அதெல்லாம் சமாளிக்கும்’ என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள்.

இன்னொன்று: பெரிய தீ இந்த முறைக்கு எளிது, நீராவி தாராளமாகக் கிடைக்கும். டிரம்முக்குப் பின்னால் பற்றும் சின்னத் தீதான் சோதனை. வாட்டர் மிஸ்ட் அமைப்புகளுக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 750 விதிமுறை, அந்தந்தப் பயன்பாட்டுக்கான தீச்சோதனையை வைத்தே வடிவமைப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே அறிக்கையில் எந்த எரிபொருள், எவ்வளவு பெரிய அறை, மறைவான தீயும் உண்டா என்று பாருங்கள்.

தரகர்கள் ஒரு நிறுவனத்தின் அறிக்கையைக் காட்டிவிட்டு, வேறெங்கோ கடைந்த நாசிலை (தண்ணீரைத் தெளிக்கும் முனையை) மாட்டிவிடுவார்கள். நாசிலில் பொறித்த எண்ணும் அறிக்கையிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆய்வுக்கு வருபவர்களோ கோப்பில் காகிதம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நாசிலை நிமிர்ந்து பார்ப்பவர் அரிது. எத்தனை தீ விபத்துக்குப் பிறகு இது மாறும்?

கேன் தண்ணீரில் ஓட்டிக் காட்டிவிட்டு, பிறகு தொட்டியில் போர்வெல் தண்ணீரை நிரப்புவதும் நடக்கிறது. பாலாற்றங்கரைப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நாசில் துளையோ மிக நுண்ணியது. நிரந்தரமாக நிரப்பப்போகும் தண்ணீரிலேயே, அறையைச் சாத்தி, எல்லா நாசில்களையும் ஒருசேர ஓட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் படிவோ இரும்புத் துகளோ இருந்தால், குழாயைக் கழுவி மறுபடி ஓட்டும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.