ரங்கூனில் கார் இல்லாமல் ஆறு வருஷம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன மாதம் கோயில் அன்னதானத்தில், காரை விற்று ஆறு வருஷம் ஆகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லி மாட்டிக்கொண்டேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் நாலு பேர் சூழ்ந்துவிட்டார்கள். எழுதிக் கேளுங்கள், எழுதியே பதில் தருகிறேன் என்றேன். வந்ததில் ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: வீடு தாம்வேயில், வேலை ஊர் நடுவே பன்சோடான் பக்கம் ஒரு கணக்கு அலுவலகத்தில். இரண்டு பிள்ளைகள், வயது 52. மேடு வந்தால் இறங்கித் தள்ளுகிற ஆள்.

இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறோம், ஐயா. நிஜமாகவே கார் இல்லாமல் முடியுமா? (வடக்கு ஒக்கலாப்பாவில் இருந்து ஓர் அம்மா)

வீடு எங்கே என்பதைப் பொறுத்ததம்மா. நான் காரை விற்றது பிறகுதான், முதலில் வீட்டை மாற்றினேன். தாம்வேயில் இருந்து என் அலுவலகம் சுமார் மூன்று மைல். சைக்கிளில் அரை மணி நேரம் கூட ஆகாது. ஊரைச் சுற்றி ஓடும் சுற்று ரயிலில் ஏறினால் மித்தா ஞ்யூன், மல்வாகோன், பசுண்டாங், அடுத்தது பெரிய ஸ்டேஷன். பஸ்ஸும் உண்டு. ஒன்று காலை வாரினால் இன்னொன்று இருக்கும். அதே வாடகைக்கு ஊருக்கு வெளியே பெரிய வீடு கிடைத்தது, மனைவிக்கு அதன் மேல் ஆசையும் இருந்தது. அங்கே போயிருந்தால் இன்றைக்கும் கார் வைத்திருப்பேன்.

உங்கள் ஒக்கலாப்பாவில் ஸ்டேஷன் இருக்கிறது. வீட்டுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். பத்து நிமிஷத்துக்குள் என்றால் யோசிக்கலாம். அரை மணி நேரம் என்றால் அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று. காரின் இடத்தில் வேறு ஒரே பொருளை வைக்கப் பார்த்தால் தோற்றுப்போவீர்கள். சைக்கிள், பஸ், ரயில், டாக்சி, கால் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த இடத்தை நிரப்பும்.

மௌலமைனில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவன். இங்கே ஏன் ஒன்றைக்கூடக் காணோம்? கொண்டுவரலாமா அண்ணே?

கொண்டுவராதே தம்பி, பிடுங்கிக்கொள்வார்கள். 2003இல் இருந்து ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. ஏன் என்று கேட்டால் டீக்கடைக்கு ஒரு கதை சொல்வார்கள், நான் எதையும் நம்புவதில்லை. ஆற்றைத் தாண்டி டலாவுக்குப் போனால் வண்டிகள் ஓடுவதைப் பார்க்கலாம். ஊருக்குள் காருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

இதில் நல்லதும் இருக்கிறது. சின்னத் தெருவில் சைக்கிள் ஓட்டும்போது இடுக்கில் புகுந்து உரசுகிற வண்டி இல்லை. மற்ற ஊர்களில் சைக்கிள்காரனுக்குப் பாதி பயம் அதனால்தான். கெட்டது, 2011க்கு அப்புறம் கார் இறக்குமதியைத் தளர்த்தியதும் எல்லாரும் காருக்கே பாய்ந்தார்கள். நானும்தான் பாய்ந்தேன். ஜப்பானில் ஓடித் தேய்ந்த வண்டி. நெரிசலில் அதற்குள் உட்கார்ந்தபடி, நடந்து போகிறவன் என்னை முந்திப் போவதைத் தினம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் என்றாலே பயமாக இருக்கிறது. பர்மிய எழுத்து எனக்கு வாசிக்க வராது. சென்னையில் இருந்து வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

எழுத்து வேண்டாம், எண் போதும். பஸ் நெற்றியில் பர்மிய எண்தான் பெரிதாக இருக்கும். பத்து வடிவங்கள், ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம். மூன்றும் நான்கும் ஏறக்குறைய கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்து குழப்பும், ஆறும் ஒன்பதும் அப்படியே. சின்னத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் எனக்கே அப்படி ஒன்று எழுதித் தந்தாள், நான் இங்கேயே பிறந்தவன் என்றாலும்.

நீங்கள் தப்பித்தீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 2017 ஜனவரிக்கு முன்னால் வந்திருந்தால் பழைய மத்தத்தா (பஸ் தடங்களை மேற்பார்த்த குழு) பஸ்களில் ஏறியிருப்பீர்கள். முன்னூறு தடத்துக்கு மேல், ஆளுக்கு ஆள் போட்டி, கண்டக்டர் கம்பியில் தொங்கிக்கொண்டு கத்துவான். இந்த நாடு 1970இல் சாலையின் இடப்பக்கத்தில் இருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் ஜப்பானில் இருந்து வந்த பஸ்களுக்குக் கதவு இடப்பக்கம். இறங்கினால் நடுரோட்டில் இறங்க வேண்டும்! வலப்பக்கம் வெட்டிக் கதவு வைத்து ஓட்டினார்கள். அந்த ஏற்பாட்டைக் கலைத்துத்தான் ஒய்.பி.எஸ். (யாங்கோன் பஸ் சர்வீஸ்; ரங்கூனின் இன்றைய பெயர் யாங்கோன்) வந்தது. தடங்களும் குறைந்தன, எண்களும் புதிதாயின.

ஒய்.பி.எஸ். தொடங்கியபோது கண்டக்டர் இல்லை, டிரைவர் பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் போட்டால் மீதி வராது. அப்போது கட்டணம் 100, 200 கியாட். ஐந்நூறு தாளோடு ஏறுகிறவர்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, அடுத்து ஏறுகிறவர்களின் காசைத் தங்கள் கையில் வாங்கிக் கணக்கை நேராக்கிக்கொள்வார்கள். நாங்கள் செட்டிக் கணக்கு என்று சிரிப்போம். இப்போது கட்டணத்துக்கு ஓர் அட்டை இருக்கிறது. பஸ்ஸைப் போல அதையும் ஒய்.பி.எஸ். (YBS) என்று சொன்னால் பையன்கள் திருத்துவார்கள்: அட்டை ஒய்.பீ.எஸ். (YPS), 'பேமென்ட்' என்பதில் வரும் பீ. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அட்டையை வாங்கிவிடுங்கள், பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது "பா தே" என்று உரக்கச் சொல்ல வேண்டும். இறங்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டால் அடுத்த நிறுத்தத்தில் இருந்து திரும்பி நடக்க வேண்டியதுதான். பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சுப் பக்கம் மாட்டுங்கள்.

சாயங்காலக் கூட்டத்தில் பெண்கள் எப்படிப் போவது? (ஹ்லேடானில் வேலை பார்க்கும் தங்கை)

இதற்கு நான் பதில் சொல்வது சரியில்லை. என் மனைவி சொன்னதைத் தருகிறேன்: "முடிந்தால் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறு. டிரைவருக்குப் பின்னால் உள்ள பகுதியில் நில், பின்வாசல் பக்கம் போகாதே. எவனாவது உரசினால் சத்தம் போடு, மற்ற பெண்கள் சேர்ந்துகொள்வார்கள்." முன்பு பஸ்ஸில் போகும் பெண்களுக்கு விசில் கொடுத்து ஓர் இயக்கமே நடந்தது. மனைவியின் சாவிக்கொத்தில் இன்னும் ஒரு விசில் தொங்குகிறது.

எந்தச் சாலையில் சைக்கிள் விடுவார்கள்?

பல பெரிய சாலைகளில் சைக்கிளுக்குத் தடைப் பலகை இருக்கும். பலகை இருந்தால் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். நகரத்தின் நடுவில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டம்போட்ட தெருக்கள் நமக்குச் சாதகம். அனோரதா வீதியும் (என் அப்பா சாகிறவரை ஃப்ரேசர் தெரு என்றுதான் சொன்னார்) மகா பண்டூலாவும் ஒருவழி, நெரிசல். எண் போட்ட குறுக்குத் தெருக்கள் வழியாகப் போனால் காய்கறிக் கடைக்காரியும் தூங்குகிற நாயும்தான் குறுக்கே வருவார்கள். நாய்க்கு மணி அடிக்க வேண்டாம், சுற்றிப் போங்கள். மணி அடித்தால்தான் துரத்தும்.

இருட்டிய பிறகு நான் ஓட்டுவதில்லை. கரண்ட் போனால் தெருவிளக்கும் போய்விடும், காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

கைலி கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்ட முடியுமா? சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் கேட்கிறேன்.

சிரிக்கவில்லை. இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். முன்பக்கத்தை முழங்கால் வரை ஏற்றி, நுனியைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொண்டுபோய் இடுப்பில் செருகிவிடுங்கள், நம் ஊர்த் தார்ப்பாய்ச்சுக் கட்டு மாதிரி. குறுக்குக் கம்பி இல்லாத, பெண்கள் ஓட்டும் சைக்கிளாக வாங்குவது உத்தமம். பழைய ஜப்பான் சைக்கிள்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரும், முன்னால் கூடையோடு. செயின் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நல்ல பலேக்காட்டுக் கைலியைச் செயினுக்குப் பலி கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சுற்று ரயில் சும்மா பார்க்கப் போகிறவர்களுக்குத்தானே? வேலைக்குப் போக உதவுமா? (இன்செயினில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, அது முழுக்க முழுக்க வேலைக்காரர்களின் ரயில். கேமராவோடு வருகிறவர்கள் பின்னால் வந்தார்கள். மொத்தச் சுற்று சுமார் 46 கிலோமீட்டர், முன்பெல்லாம் அதற்கு மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர், என் சைக்கிளும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஜப்பான் கடனுதவியோடு தண்டவாளமும் சிக்னலும் புதுப்பிக்கும் வேலை நடந்தது. இருந்தாலும் அவசரக்காரருக்கு ஏற்றதல்ல.

ஆனால் உங்களுக்கு ஏற்றது. இன்செயினில் ஏறி டன்யிங்கோன் போங்கள், நாலைந்து ஸ்டேஷன்தான். இறங்கினால் காய்கறிச் சந்தை. தோட்டத்தில் இருந்து வந்த கீரை, பூசணி, வாழைத்தண்டு, கட்டுக்கட்டாகப் பூ. சந்தை முடித்து அதே ரயிலில் திரும்பும் பெண்கள் வண்டிக்குள்ளேயே கீரையைப் பிரித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். நான் மாதம் ஒருமுறை போகிறேன். இரண்டு பை முருங்கைக்காயோடு திரும்பி வந்தால் மாடி முழுக்கப் பங்கு.

ஒரே எச்சரிக்கை: திசையைக் கேட்டு ஏறுங்கள். எதிர்த்திசை வண்டியில் ஏறி ஊரெல்லாம் சுற்றி வீட்டுக்கு வந்தவர் என் மைத்துனர். கேட்டால் காற்று வாங்கினேன் என்பார்.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

இது நியாயமான கேள்வி. ஜூனில் இருந்து அக்டோபர் வரை விடாமல் பெய்யும். வருஷத்துக்கு 2,700 மில்லிமீட்டர் அளவில், சென்னை மழையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நனையாமல் போக வழியில்லை, நனைந்தாலும் கெடாமல் போகத்தான் வழி. முழங்கால் வரை வருகிற மழைக்கோட்டு, காலில் ரப்பர் செருப்பு, மாற்றுத் துணி பிளாஸ்டிக் பையில். நல்ல செருப்பு அலுவலக மேசைக்கு அடியிலேயே கிடக்கும்.

தண்ணீர் தேங்கிய தெருவில் மட்டும் ஓட்டாதீர்கள். இங்கே நடைபாதை என்பது சாக்கடை மேல் போட்ட பலகைக்கல்தான். ஒன்று உடைந்திருந்தால் தண்ணீருக்கடியில் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஆகஸ்ட் காலையில் முன்சக்கரம் அப்படி ஒரு குழிக்குள் இறங்கியது. மணிக்கட்டு விரிசல், ஆறு வாரம் கட்டு. அதன் பிறகு தண்ணீரைக் கண்டால் இறங்கி, முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன். அல்லது பஸ்.

அம்மாவுக்கு 76 வயது. ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிப்போவது?

டாக்சியில். இதில் வீம்பு வேண்டாம். மாதாமாதம் காருக்குப் போய்க்கொண்டிருந்த பெட்ரோல் காசில் ஒரு பகுதியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறோம், அது டாக்சிக்கு. வருஷக் கடைசியில் மிஞ்சத்தான் செய்கிறது. தெருவில் நிறுத்தினால் மீட்டர் போடமாட்டார்கள், ஏறும் முன்னே பேசி முடித்துவிடுங்கள்.

பக்கத்துக் கோயிலுக்கு, சந்தைக்கு என்றால் சைக்கா போதும். சைக்கிளோடு ஒட்டிய இருக்கை, ஒருவர் முன்னே பார்த்தும் ஒருவர் பின்னே பார்த்தும் முதுகோடு முதுகு உட்காரலாம். பெரிய சாலைக்கு வராது, பேட்டைக்குள்தான். அம்மாமார்களுக்கு அதுதான் பிடிக்கிறது, போகிற வழியெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டே போகலாம். என் அம்மா தெருமுனை சைக்காக்காரருக்குத் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்புவார். மழையில் மற்றவர்கள் கூப்பிட்டால் வராதவர், எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

நாங்கள் ஆறாவது மாடி, லிஃப்ட் இல்லை. சைக்கிளை எங்கே வைப்பது?

கீழே மாடிப்படிக்கு அடியில், சுவர்க்கம்பியோடு இரண்டு பூட்டு. ஒரு பூட்டு போட்டிருந்த காலத்தில் ஒன்றைப் பறிகொடுத்தேன். கீழ்வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், அவருடைய கண்தான் மூன்றாவது பூட்டு. சாமானைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம், பால்கனியில் இருந்து எல்லாரும் மணிகட்டித் தொங்கவிடுகிற கயிறு எதற்கு இருக்கிறது? கீழே நின்று பையை மாட்டி மணியை ஆட்டுங்கள், பிள்ளைகள் இழுத்துக்கொள்வார்கள்.

டலாவுக்குச் சைக்கிளோடு போகலாமா?

போகலாம். பன்சோடான் துறையில் இருந்து படகு. சைக்கிளோடு ஏறுகிறவர்கள் நிறைய, கோழிக்கூடையோடு ஏறுகிறவர்களும் நிறைய. 2014இல் ஜப்பான் கொடுத்த 'செர்ரி' படகுகள் கொஞ்ச நேரத்தில் அக்கரை சேர்த்துவிடும். அங்கே வெயில் ஏறுமுன் சுற்றிவிட்டுத் திரும்புங்கள்.

காசு இல்லாமல்தான் காரை விற்றீர்கள் என்று சொல்கிறார்களே? நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது என்ன செய்வீர்கள்? (பெயர் போடாத கடிதம்)

கையெழுத்தை வைத்து யாரென்று தெரிந்துவிட்டது, மாமா. காசும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. அந்த வருஷம் வண்டிக்கு என்ஜின் வேலை வந்தது, மகனுக்குப் படிப்புச் செலவு வந்தது. இரண்டில் ஒன்று. முதல் ஆறு மாதம் கல்யாண வீட்டு வாசலில் பஸ்ஸில் இருந்து இறங்க எனக்கே வெட்கமாக இருந்தது, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து போனேன். பிறகு போய்விட்டது. பெண்ணைக் கேட்டேன். வாசலில் கார் நிற்கிறதா என்று பார்த்து வருகிற மாப்பிள்ளை வீடு தனக்கும் வேண்டாம் என்கிறாள். நாளைக்கு மனசு மாறினால் அன்றைக்கு ஒரு நாள் வாடகைக் கார் எடுத்து வாசலில் நிறுத்திவிடுகிறேன், பிஸ்கட் டப்பா இருக்கிறதே.

பழைய சைக்கிள் வாங்க வேண்டும் அண்ணே. எதைப் பார்ப்பது?

சட்டத்தில் ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறதா, சக்கரம் கோணாமல் சுழல்கிறதா, பிரேக் இரண்டும் பிடிக்கிறதா. பெயிண்ட் பளபளத்தால் சந்தேகப்படு. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காளியம்மன் கோயில் வாசலுக்கு வா தம்பி, தெய்ஞ்சி சந்தைப் பக்கம் டீ குடித்துவிட்டுச் சேர்ந்தே போய்ப் பார்ப்போம். விலை பேசுவதை என்னிடம் விட்டுவிடு.